எப்ப வாறே?

இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. கற்பனை பண்ணுகிற நிலையிலும் நான் இல்லை.

போன செவ்வாய், பகல் மூன்று மணி. பாறசாலை தாண்டி, செங்கல் போகும் வழியில் ஒரு பழைய மிஷன் கோயில். என் மனைவி ஜோஸ்னாவின் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம். ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்றாள். மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் போனோம்.

டீக்கடையில் வழி கேட்டேன். ஒருவர் மட்டும் கை காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயில் சாவி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கப்பியார் எலியாவிடம் இருந்தது. அவருக்கும் எங்களைப் பிடிக்கவில்லை.

"பாத்துட்டு சட்டுனு வெளிய இறங்கணும். உள்ள ஒரு கல்லறை உண்டு. இறங்கும்போ 'வாறேன்'னு மட்டும் சொல்லப்பிடாது."

"ஏன்?"

"சாவு வீட்டுல சொல்லுவீங்களா சாறே? அதாக்கும்."

பூட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே… சர்ர்… சர்ர்…

வெள்ளைச் சேலையில் ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் போன இடத்தில் தூசி அப்படியே கிடந்தது. பூட்டை இப்போதுதானே திறந்தார்?

அவள் ஜோஸ்னாவை மட்டும் முறைத்தாள்.

"அம்மைக்க முகம்தான். எதுக்கு வந்தே?"

ஜோஸ்னாவை வாசலுக்கு இழுத்தேன். பழக்கதோஷம்… திரும்பிச் சொல்லிவிட்டாள்.

"வாறேன் அம்மா."

துடைப்பம் நின்றது.

"எப்ப வாறே?"

ஓடி வந்தோம். மணி 3.20.

நடந்ததைச் சொன்னதும் எலியாவின் முகம் வெளுத்தது.

"உள்ள ஆளே கிடையாது. முந்தி இங்க பெருக்கிட்டிருந்த செல்லபாய்க்க கல்லறைதான் உண்டு. இவங்க நாள் சொன்னாங்களா?"

"இல்லை."

"தப்பிச்சீங்க. இனி எங்க வச்சு கேட்டாலும் நாள் சொல்லப்பிடாது. சொன்னா… அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவா."

நேற்று வெள்ளி. வீட்டில் இருந்தேன். சரியாக 3.20-க்கு எலியாவின் போன்.

"சாறே, கல்லறைக்குப் பக்கத்துல தரைக்கல்லு ஒண்ணு பெயர்ந்து கிடக்கு. நாள் ஒண்ணும் சொல்லல்லியே?"

"இல்லை" என்றேன்.

சமையலறையில்… சர்ர்… சர்ர்…

ஜோஸ்னா பெருக்குகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் துடைப்பம் என் அறைக் கதவோரம் சாய்ந்திருந்தது.

சத்தம் நின்றது.

ஜோஸ்னாவின் குரல். தூக்கத்தில் பேசுவதுபோல…

"ஞாயிற்றுக்கிழமை அம்மா."

ஓடிப்போய்க் கேட்டேன். "நான் ஒண்ணும் பேசல்லியே" என்றாள்.

இன்று சனி.

நாளைக்கு உடுக்க வெள்ளைச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.