புள்ளி கொடுத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

இன்று மலாக்காவில் என் கிளினிக்கை மூடிவிட்டு, தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் டாக்டர்களுக்கான நீரிழிவு வகுப்புக்குப் போனேன். அங்கீகாரம் பெற்ற வகுப்பு. வந்தால் புள்ளி கிடைக்கும்; டாக்டர் உரிமம் புதுப்பிக்க அந்தப் புள்ளிகள் தேவை.

பேச்சாளர் ஒரே கம்பெனியின் மாத்திரையைத்தான் புகழ்ந்தார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆகாது என்பதைச் சொல்லவே இல்லை.

எழுந்து கேட்டேன். ஏற்பாட்டாளர் ஓடி வந்தார். "டாக்டர், இந்த வகுப்பே அந்தக் கம்பெனி செலவுதான்லா. உங்களுக்குத்தான் புள்ளி கிடைக்குதே, விடுங்க."

"என் பேஷண்டுக்குக் கிட்னி போச்சுன்னா, உங்க புள்ளியா வந்து காப்பாத்தும்?" என்று கத்திவிட்டேன்.

புள்ளியே வேண்டாம் என்று வெளியேறி, அங்கீகாரம் கொடுத்தவர்களுக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

இப்போது அங்கிருந்த டாக்டர்கள் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக, "நல்லா கேட்டீங்க" என்கிறார்கள்.

ஏன் ஐயா, அப்போது உங்கள் வாயில் என்ன, பிரியாணியா?