ஈரத்துணி டீச்சரம்மா

அம்மாபேட்டை நெசவாளர் தெருவில் ஆரோக்கியத்தைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஈரத்துணி டீச்சரம்மா என்றால் சின்னக் குழந்தைகூட வழிகாட்டும். கையில் எந்நேரமும் ஈரத்துணி, முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டை நீட்டினால் படிப்பாள். ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டாலும் முழுவதையும் துடைத்துவிடுவாள். அழுதால் இன்னும் சுத்தமாகத் துடைப்பாள்.

மாதா கோயில் சாமியார் பங்களாவில் சமையல் செய்த ஞானதாஸின் மகள் அவள். மடத்துக் கன்னியர் தயவில் டிரெயினிங் முடித்தவள். புருஷன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு என்று கிளம்பியவன், போனவன் போனவன்தான். இப்போது ஞானதாஸுக்குப் பார்வையும் போய்விட்டது. அப்பனுக்கும் மகளுக்கும் அந்த டீச்சர் வேலைதான் கஞ்சி.

பள்ளிக்கூடம் அருணகிரி என்ற நூல் வியாபாரிக்குச் சொந்தம். சர்க்கார் மானியத்தில் நடந்தது, அவரே மேனேஜர். வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து பசுவைப் பற்றி எழுதச் சொல்வார். அருணகிரி பசுவுக்கு ஒரு பத்தி தயாராக வைத்திருந்தார். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிவிட்டால் மானியம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

"டீச்சரம்மா, பசுவை உருப்போட வெச்சாச்சுங்களா?"

"அதுக்கு நான் எதுக்குங்க? ஒரு கிளி ஜோசியக்காரனைக் கூட்டியாந்து வெச்சுக்குங்க."

"வாய் ரொம்ப நீளுதுங்க. இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் மூஞ்சி சுளிச்சாருன்னா நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

அவள் மசியவில்லை. ஒரு பத்திக்கு ஒரு விஷயம்தான், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், மற்றவை அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நாள் தவறாமல் கத்தினாள். பிள்ளைகளுக்கு ஏறினால்தானே! மழையைப் பற்றி எழுதச் சொன்னால் தறியில் ஏற்றத் தெருவில் நீட்டியிருந்த பாவு நூல் மழையில் நனைந்ததைச் சொல்லி, அதற்காக அப்பா அம்மாவை ஏசியதைச் சொல்லி, அம்மா கோபித்துக்கொண்டு இளம்பிள்ளை ஊரிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போனதைச் சொல்லி, அங்கே தின்ற முறுக்கில் போய் நிற்பார்கள். ஈரத்துணிக்கு ஓய்வே இல்லை.

ஒருநாள் பொறுமையிழந்து சொன்னாள்: "வேட்டிக்கு ரெண்டு பக்கமும் கரை இருக்குதில்ல? அந்த மாதிரி பத்திக்கும் மொதல்ல ஒரு கரை, கடைசீல ஒரு கரை."

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கரையும் அச்சாக ஒன்றுபோல் இல்லாவிட்டால் வியாபாரி வேட்டியை முகத்தில் வீசுவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? மறுநாள் எல்லாச் சிலேட்டிலும் 'மழை பெய்தது' என்று தொடங்கிய பத்தி 'மழை பெய்தது' என்றே முடிந்தது. ஆரோக்கியத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம். அதைப் பிள்ளைகள்மேல் காட்டினாள்.

"கடைசி வாக்கியம் நகல் இல்ல! அத்தனையும் சொல்லி முடிச்சப்பறம்தான் சொல்ல முடியற ஒண்ணு இருக்கும். அதை எழுதுங்க!"

அதிகம் துடைபட்டது செங்கோடன் மகள் பெருமாயியின் சிலேட்டு. அவளுடைய அம்மா செல்லியம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள ஊட்டுக்கு வந்து சோறு தண்ணியில்லாம அழுவுது. எழுதுனத அழிக்கறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளமுங்களா?"

"ஆமாங்க. பாவுல இழை அறுந்திருந்தா உங்க ஊட்டுக்காரர் கண்ண மூடிக்கிட்டா நெய்வாரு?"

"அறுந்த எடத்துல முடிச்சுப் போடுவாருங்க. பாவையே அறுத்து எறிய மாட்டாரு!"

அந்த எரிச்சலில் ஆரோக்கியம் மறுநாள் பெருமாயியின் சிலேட்டை இரண்டு தடவை துடைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அருணகிரி பவ்யமாகப் பசுவை எடுத்துக் கொடுத்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் பசு. மாட்டுச் சந்தைக்கு வந்த மாதிரி இருக்கிறது. பசு வேண்டாம். உங்கள் டீச்சரைப் பற்றி எழுதுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அருணகிரி தனியாகக் கூப்பிட்டு உருப்போடவைத்த பிள்ளைகள், 'டீச்சர் ஒரு சாதுவான பிராணி' என்று ஆரம்பித்தார்கள். இன்ஸ்பெக்டர் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பெருமாயியின் சிலேட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

"எங்கள் டீச்சரம்மா பொல்லாதவர். நாங்கள் எழுதுவதை ஈரத்துணியால் அழிப்பார். ஒரு தப்புக்கு எல்லாவற்றையும் அழிப்பார். அழுதால் மறுபடியும் அழிப்பார். நன்றாக எழுதினாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். இதையும் அழிப்பார்."

"லட்சணமாக நடத்துகிறீர்கள் பள்ளிக்கூடம்" என்று சிலேட்டை மேஜைமேல் வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டியேறினார்.

அவரை வழியனுப்பித் திரும்பிய அருணகிரிக்குக் கண் சிவந்திருந்தது. "நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதீங்க. போறதுக்கு முன்னால அந்தச் சனியனை அழிச்சுப்போட்டுப் போங்க."

ஆரோக்கியம் பெருமாயியை முறைத்தாள். அப்பனின் கஞ்சியில் மண் விழுந்துவிட்டது, அதைப் போட்டது இந்த ஒண்ணாம் நம்பர் அழுமூஞ்சி. ஈரத்துணியோடு சிலேட்டை எடுத்தாள். பழக்கதோஷம், துடைக்குமுன் படித்தாள். முதல் வாக்கியம் விஷயத்தைச் சொன்னது. மற்றவை சாட்சி சொல்லின. முறுக்கு எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை படித்தாள். முதல் வாக்கியத்தின் நகலாக இல்லை அது. துடைக்க ஓர் இடம் தேடினாள், கிடைக்கவில்லை.

துடைத்த சிலேட்டை வாங்கிக்கொள்ளப் பெருமாயி எழுந்து வந்தாள்.

"நல்லாருக்குது" என்றாள் ஆரோக்கியம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அன்றைக்குத்தான். சிலேட்டைப் பெருமாயியிடம் கொடுத்தாள். ஈரத்துணியை அருணகிரியின் முன்னால் மேஜைமேல் பொத்தென்று போட்டாள்.

"அழிக்கணும்னா நீங்களே அழிச்சுக்குங்க."

அருணகிரி துணியை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். பெருமாயி சிலேட்டைக் கொடுக்கவில்லை.