திரையைப் படிக்கும் குரல்

என் கணவருக்குப் பார்வை குறைந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவருடைய மாணவர்கள்தான். அவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஓரத்துப் பெஞ்சில் இருப்பவர்கள் கை தூக்கினால் சார் கவனிப்பதே இல்லை, நடுவில் இருப்பவர்களைத்தான் கேட்கிறார் என்று பெற்றோர் கூட்டத்தில் புகார் வந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அதற்கு முன்பே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும் தம்ளரைத் தட்டிவிடுவதும் நடந்துகொண்டுதான் இருந்தன. அவசரக்காரர் என்று விட்டுவிட்டோம்.

தில்லைநகரில் கண் மருத்துவரிடம் போனபோது, கண்ணில் நீரழுத்தம் பல வருடங்களாக இருந்திருக்கிறது என்றார். வலியே இல்லாமல், ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது.

"போனது போனதுதான் சார். இருக்கறத எவ்வளவு நாள் காப்பாத்த முடியும்னு பாப்போம்" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்துகள் மாறி மாறி வந்தன. ஆனாலும் இடது கண் முழுவதும் போயிற்று. வலது கண்ணில், ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது. பள்ளியில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சட்டமும் விடாது. தலைமையாசிரியர் நல்லவர். "லைப்ரரில உக்காந்துக்கங்க சார், சம்பளம் அப்படியே வரும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறோம். நான் தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த மென்பொருளை விலைக்கு வாங்குவது, எதை இலவசமாக எடுத்துக்கொள்வது, தகவல்களை எந்த டேட்டாபேஸில் வைப்பது, நெட்வொர்க்கை நாமே பார்த்துக்கொள்வதா கம்பெனியிடம் ஒப்படைப்பதா என்று முடிவு சொல்வது என் வேலையில் பாதி. இதில் எனக்குச் சில அழுத்தமான அபிப்பிராயங்கள் உண்டு. டேட்டாபேஸுக்குப் பணம் கட்டுவது வீண் என்பேன். இலவசமாகக் கிடைப்பதே எங்கள் கல்லூரிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு தாங்கும். நெட்வொர்க்கை மட்டும் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பேன். ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து விடுதிக் கட்டடத்தின் கருவிகள் மொத்தமாகக் கருகியபோது, அவர்கள் மறுநாளே வந்து ஏணி போட்டு ஏறினார்கள். எங்களால் முடிந்திருக்காது. கூட்டங்களில் நான் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: சாஃப்ட்வேர் இலவசமாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் இலவசம் இல்லை.

இப்படி நிதானமாகத் தராசு பிடிக்கத் தெரிந்தவள், வீட்டில் தராசையே தொடவில்லை. பார்வை இல்லாதவர்களுக்குக் கணினித் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் உண்டு. அதில் விலை அதிகமான ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதையே வாங்குவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். விலை கொஞ்சம் மூச்சு முட்டத்தான் செய்தது. ஆனால் அதன் குரல் மனிதக் குரல் போல இருந்தது. ஒரு படித்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல. முதலில் சோதித்துப் பார்க்க அந்தக் கம்பெனி தருகிற பிரதியை அவருடைய லேப்டாப்பில் போட்டு, நாலு விசைகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து கதவைத் திறந்தபோது, மேஜை முன்னால் விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன். திரையில் ஏதோ அறிவிப்பு. சோதனைக்குத் தருகிற பிரதி கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் மறுபடி பேசும். எனக்கு அது தெரியும். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

"எப்போ நின்னுச்சுங்க?"

"நீ போன கொஞ்ச நேரத்துல. ஒரு கட்டுரை படிச்சிட்டிருந்தேன். பாதி வாக்கியத்துல நின்னுடுச்சு. மிஷின் போச்சா, கரண்ட் போச்சா, நான்தான் எதையாவது தொட்டுட்டேனான்னு தெரியல. ஃபேன் ஓடற சத்தம் கேட்டுச்சு, அதனால கரண்ட் இருக்குன்னு புரிஞ்சுது."

"எனக்கு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணி என்னன்னு சொல்றது?"

அன்று மதியம் அவர் சாப்பிடவும் இல்லை. டிபன் டப்பா மூடியபடி இருந்தது. நாளைக்கே பணம் கட்டி முழுப் பிரதியை வாங்கிவிடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்றேன். குரல் உயர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அப்படிச் சண்டை போட்டதில்லை.

"விலை அதிகமா குடுத்தா கண்ணு திரும்பி வந்துடும்னு நெனைக்கிறியா?" என்றார்.

உண்மையில் அப்படித்தான் ஏதோ நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. புகாரைக் கேட்டு நான் சிரித்ததற்கும், தோளை இடித்துக்கொண்டபோது அவசரக்காரர் என்று திட்டியதற்கும் சேர்த்துப் பணம் கட்டப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவருடைய பழைய சக ஆசிரியர் ஒருவர், பாலக்கரையில் இருக்கும் ஒரு பெண்மணியின் எண்ணைக் கொடுத்தார். வங்கியில் அதிகாரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போனில் பேசியபோது அவர் முதலில் கேட்டது நோயைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ அல்ல. "சார், நீங்க என்ன வேலை செய்யணும்? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

"பாடம் நடத்தணும். தயார் பண்ணணும். கேள்வித்தாள் எழுதணும்."

"அப்போ நெறைய படிக்கணும். இலவசமா ஒண்ணு இருக்கு, அத போட்டுக்கங்க. நான் பேங்க்ல விலைக்கு வாங்கினதையும் வச்சிருக்கேன், சில புரோகிராம் அதுலதான் சரியா வரும். வீட்டுல இதுதான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் குறுக்கிட்டேன். "அத ஒரு தடவ கேட்டிருக்கேன், குரல் ரொம்ப மோசமா இருக்குங்களே மேடம். தகரத்துல தட்டற மாதிரி."

அவர் சிரித்தார். "அழகான குரல் வேணும்னா ரேடியோ கேக்கலாங்க. வேகத்த ஏத்துனா அந்த அழகான குரலெல்லாம் குழறிடும். இந்தத் தகரம் குழறாது. இப்ப நான் கேக்கற வேகத்தப் பாருங்க." போனை அவருடைய கணினிப் பக்கம் கொண்டுபோனார். ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் போல ஏதோ கேட்டது. ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அது அன்றைய செய்தித்தாளின் தலையங்கம் என்றார்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு விஷயத்தை எப்படிச் செய்வது என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

இலவசமானதை அவரே போட்டுக்கொண்டார், அந்த அம்மா போனில் சொல்லச் சொல்ல. நான் பக்கத்து அறையில் இருந்தேன். போக வேண்டாம் என்று என்னை நானே பிடித்து வைத்துக்கொண்டேன். முதல் சில வாரங்கள் மெதுவான வேகத்தில் கேட்டார். அந்தத் தகரக் குரல் வீட்டை நிறைத்தது. ழகரத்தை விழுங்கும். இயற்பியல் புத்தகத்தில் "மீ/வி" என்று வந்தால் "மீ சாய்கோடு வி" என்று படிக்கும். விநாடிக்கு இத்தனை மீட்டர் என்பதை அப்படிக் கேட்பது அவருக்குப் பொறுக்காது. இந்த எழுத்து வந்தால் இப்படிப் படி என்று நாமே சொல்லிக்கொடுக்க அதில் ஒரு வசதி இருந்தது. அவர் உட்கார்ந்து அலகுகள், குறியீடுகள், சூத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பிறகு தான் சேர்த்ததையெல்லாம் இணையத்தில் அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இடத்தில் போட்டார். தேனியிலிருந்து ஒருவர், இலங்கையிலிருந்து ஒருவர் என்று எழுதினார்கள். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அவர் சேர்த்ததில் இருந்த தவறைத் திருத்தினார். தன் தவறை ஒருவர் திருத்தியது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்பதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதுவரை எல்லோரும் அவரிடம் எதற்கெடுத்தாலும் "பரவாயில்ல சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் மாணவர் விவரங்களுக்குப் புதிய மென்பொருள் தேட வேண்டியிருந்தது. மதிப்பெண், வருகை, கட்டணம் எல்லாம் அதில் வரும். ஒரு கம்பெனியின் தயாரிப்பு ஒன்று, இலவசமாகக் கிடைத்து நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று என இரண்டு கடைசிச் சுற்றுக்கு வந்தன. நான் இந்தத் தடவை கம்பெனிப் பக்கம்தான் இருந்தேன். எங்கள் பிரிவில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான். எங்களால் எவ்வளவுதான் முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இத ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்" என்று இரண்டையும் அவரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று சரியாகத் தெரியவில்லை. அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். கம்பெனியுடையதைத் திறந்து ஒவ்வொரு இடமாக நகர்ந்தார். குரல் சொன்னது: பட்டன். பட்டன். பட்டன். பட்டன்.

"இதுல எது சேவ், எது டெலீட்?" என்றார்.

"படம் போட்டிருக்காங்க. பச்சையா டிக் இருந்தா சேவ். செகப்பா குப்பைத்தொட்டி இருந்தா டெலீட்."

"சரி. நான் எத அழுத்தறது?"

இலவசமானதைத் திறந்தபோது சில இடங்களில் பெயர் சொன்னது, சில இடங்களில் அதுவும் பட்டன் என்றது. ஆனால் அந்த இடங்களுக்குப் பெயர் வைக்க எங்களால் முடியும். கம்பெனியுடையதில் கை வைக்க முடியாது. பல வருடங்களாக எத்தனையோ மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு, விலை என்று பார்ப்பேன். கண் தெரியாத ஒருவரால் இதைப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி அதுவரை என் மனதில் எழுந்ததே இல்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். கம்பெனியின் ஆள், "அடுத்த வெர்ஷன்ல பண்ணிடலாம் மேடம்" என்றார். எழுத்தில் தருவீர்களா என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கணக்குப் பிரிவுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "நம்ம காலேஜ்ல கண்ணு தெரியாத பிள்ளைங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர் சார்."

"ரெண்டு பேருக்கு ஆபீஸ்ல யாராவது படிச்சுச் சொல்லிடலாமே."

"இப்போ அப்படித்தான் சார் நடக்குது. ஃபெயில் ஆனாக்கூட அத இன்னொருத்தர் வாயாலதான் கேக்கறாங்க. பக்கத்துல வரிசைல நிக்கறவங்களும் கேக்கறாங்க."

கல்லூரி முதல்வரான ஃபாதர் என் ஒப்பீட்டுத் தாளை இன்னொரு முறை புரட்டினார். பிறகு, கணக்கும் கட்டணமும் கம்பெனியிடம் இருக்கட்டும், மாணவர்கள் தாங்களே திறந்து பார்க்கும் பகுதி இலவசமானதில் இருக்கட்டும் என்று சொன்னார். இரண்டையும் இணைத்து ஓட்டும் பாரம் எங்கள் தலையில் விழுந்தது.

அதன் விலையை நாங்கள் கொடுத்தோம். ஒரு முறை டேட்டாபேஸைப் புதுப்பித்தபோது, மாணவர்களின் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. தேர்வு முடிவு வரும் வாரம். கூப்பிட்டுக் கத்துவதற்கு ஒரு கம்பெனி இல்லை. நானும் அந்தப் பெண்ணும் சேர்த்து வைத்திருந்த பழைய பிரதியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டோம். அவள் ஒரு கட்டத்தில் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள். "கம்பெனிதையே வாங்கியிருக்கலாம் மேடம்" என்றாள். அவள் சொன்னதைத் தவறு என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. பார்வையில்லாத அந்த இரண்டு மாணவிகளில் ஒருத்தி, அந்தத் தேர்வு முடிவை விடுதி அறையில் தன் போனில் தானே கேட்டாள் என்று பிறகு தெரிந்தது. என்ன மதிப்பெண் என்று நான் விசாரிக்கவில்லை.

என் கணவர் அடுத்த ஜூனில் வகுப்புக்குத் திரும்பினார். கரும்பலகையில் எழுத தினம் ஒரு மாணவர் முறை வைத்து வருவார். இவர் ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடத்துவார். கேள்வி கேட்க வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். அரசின் வருகைப் பதிவு இணையதளம் மட்டும் அவருடைய மென்பொருளுக்கு ஒத்துவரவில்லை. அதற்காக அந்த விலையுயர்ந்த மென்பொருளைப் பள்ளியே கடைசியில் ஒரு கணினியில் வாங்கிப் போட்டது. அவர் மறுக்கவில்லை. "இது அந்த வேலைக்கு. அவ்வளவுதான்" என்றார்.

இந்த ஆடியில் ஒரு நாள், காலை நேரம், தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டாயா என்று கேட்டார். திறந்துதான் இருக்கிறது என்றேன். வெயில் தரையில் அவர் கால் வரைக்கும் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"அப்போ அதுவும் போயிடுச்சு போல" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். முதல் பீரியடே பன்னிரண்டாம் வகுப்பு, மின்புலம் பாடம் பாதியில் நிற்கிறது என்றார். ஆட்டோ வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவருடைய கை என் கைக்குள் சில்லென்று இருந்தது. ஆட்டோ சத்தம் கேட்டதும் எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.