பேக்கரி மாடியில் ஒரு மெழுகுச் சட்டி

மெழுகு போட்டு முடி எடுக்கும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: வாடிக்கையாளர் திட்டினால் நமக்குக் கோபம் வராது, திட்டாமல் படுத்திருந்தால்தான் பயம் வரும்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, மலையே முகம் வாடிக் கிடந்த வருஷங்களில்தான் நான் முகத்தைப் பளபளப்பாக்கும் தொழிலுக்கு வந்தேன். என் கணவர் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரி முதலில் வாரத்தில் இரண்டு நாள் மூடியது. பிறகு இரண்டு நாள் மட்டும் திறந்தது. பிறகு திறக்கவே இல்லை. நான் கோயமுத்தூரில் மூன்று மாதம் தங்கி அழகுக்கலை படித்துவிட்டு வந்து, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பேக்கரியின் மாடியில் அறை பிடித்தேன். போர்டு எழுத வந்தவர், "பெண்களுக்கு மட்டும்னு போடட்டுங்களா?" என்று கேட்டார். ஊர் இருந்த இருப்பில் பாதி ஊரை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. "அனைவருக்கும்னு போடுங்க" என்றேன். சலூன்கள் மூடியிருக்கும் செவ்வாய்க்கிழமையை ஆண்களுக்கு ஒதுக்கினேன்.

குளிர் ஊரில் இந்த வேலை செய்தவர்களுக்கு என் பாடு புரியும். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் காய்ச்சிய மெழுகு, அடுப்பிலிருந்து ஆள் மேல் போவதற்குள் கல்கோனா மிட்டாயாக இறுகிவிடும். வந்தவருக்குப் புல்லரித்து, முடியெல்லாம் எழுந்து நின்று என்னை எதிர்க்கும். உதடு வெடித்தவர்களே, குதிகால் பிளந்தவர்களே, கம்பளிக்குள் சொறிந்துகொண்டே வளர்ந்தவர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தம், அதனால்தான் சொல்கிறேன். அழகுபடுத்தப் போகிறோம் என்று நினைத்துக் கடை திறந்தவள் நான். வந்தவர்களைப் பார்த்து வாயடைத்து நின்றதுதான் அதிகம்.

வெள்ளைத் துண்டு

கடை திறந்த இரண்டாவது மாதம், எட்டுப் பெண்கள் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். எல்லோரும் ஒரே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். எஸ்டேட்டில் வேலை நின்றுவிட்டதால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போக முடிவெடுத்திருந்தார்கள். ஆள் எடுக்க வந்த சூப்பர்வைசர் இவர்கள் கையைப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் துணியில கறை படும், நூலு கையில மாட்டும்" என்று தயங்கியிருக்கிறான். கையைச் சரி செய்துகொண்டு திங்கட்கிழமை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த பாக்கியம் இரண்டு கையையும் என் மேஜைமேல் வைத்தார். அத்தனை வருஷக் கொழுந்துச் சாறு விரல் வரிகளில் கறுப்பு மையாக ஓடியிருந்தது. வெடிப்புகளில் ஒரு குண்டூசியைப் படுக்க வைக்கலாம்.

இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. வெந்நீர், உப்பு, எலுமிச்சம்பழம், தேங்காயெண்ணெய், அப்புறம் கைக்குப் போடும் வெதுவெதுப்பான மெழுகு. பதினாறு கைகள். வெடிப்பு மூடிக்கொண்டது, தோல் மிருதுவானது. கறை மட்டும் அசையவில்லை. தினமும் ஆயிரக்கணக்கில் கொழுந்து கிள்ளிய விரல்கள், எலுமிச்சம்பழத்துக்கா பயப்படும்? கடைசியில் பாக்கியம் என் புத்தம்புது வெள்ளைத் துண்டை எடுத்து, ஈரக் கையால் பலம்கொண்ட மட்டும் அழுத்தித் துடைத்தார். ஒரு புள்ளி கூட ஒட்டவில்லை. கறை தோலுக்குள்ளே இருந்தது, வெளியே இல்லை. எட்டுப் பேரும் துண்டை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். பாக்கியம் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் துண்ட நான் எடுத்துக்கறனுங்க மேடம். அந்த சூப்பர்வைசருக்குக் காட்ட இதவிட வேற சர்டிபிகேட் என்ன வேணும்?"

கரடிக்கும் எனக்கும் வித்தியாசம்

ஒரு செவ்வாய்க்கிழமை சந்திரன் என்பவர் வந்தார். ஆறடி ஆள், எஸ்டேட் வாட்ச்மேன். அதாவது, எஸ்டேட் நடந்தவரை வாட்ச்மேன். ஊட்டியில் சினிமா ஷூட்டிங்குக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவரைப் பிடித்திருந்தார்கள். கதாநாயகி தேயிலைச் சரிவில் உருண்டு விழ வேண்டும். கதாநாயகி உருளமாட்டார். அவருக்குப் பதிலாகக் கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு உருள ஆள் வேண்டும். "கை, கால், முதுகு, மூணும் வழவழன்னு இருக்கணுமாமுங்க" என்றார் சந்திரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சட்டையைக் கழற்றித் திரும்பினார். வலது தோளிலிருந்து இடுப்புவரை நான்கு பள்ளங்கள், உழுத சால் மாதிரி. அந்த நான்கு கோட்டிலும் முடி இல்லை, சுற்றிலும் காடு. விடியற்காலை ரோந்து போனபோது கரடி பின்னாலிருந்து பிடித்ததாம். கத்தினால் தொழிலாளர் லயன் வீட்டுப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்துவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு, கையிலிருந்த டார்ச்சாலேயே அதன் மூக்கில் அடித்து விரட்டியிருக்கிறார். அதன்பிறகு தானே நடந்து டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். இதையெல்லாம் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்ட கதை மாதிரிச் சொன்னார். இப்படிப்பட்ட மனிதருக்கு முடி எடுப்பது எம்மாத்திரம் என்று நான் காலில் முதல் பட்டையை ஒட்டி இழுத்தேன். அவர் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரியிலிருந்து மூன்று பேர் மாவுக் கையோடு மேலே ஓடிவந்துவிட்டார்கள். பாதி முதுகு முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் எழுந்து போகவில்லை. சரிவில் மூன்று தடவை உருண்டு அந்தக் காட்சியை முடித்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னது இது: "கரடி ஒரே இழுப்புங்க மேடம். நீங்கதான் 'அவ்வளவுதான், முடிஞ்சுது'ன்னு சொல்லிச் சொல்லி இழுத்தீங்க."

கேரட்டும் கன்னமும்

இது சின்ன விஷயம். இத்தலாரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டவர். மகள் கோயமுத்தூர் காலேஜில் பட்டம் வாங்குகிறாள், போட்டோ எடுக்க வேண்டும். குல்லாயைக் கழற்றினார்: நெற்றி பாலாடை மாதிரி, புருவத்துக்குக் கீழே செங்கல் சூளை. உறைபனி விழும் காலையில் தண்ணீர் பாய்ச்சி, நடுமதிய வெயிலில் களை எடுத்து, ஒரே முகத்தில் இரண்டு தேசத்தை வைத்திருந்தார். தயிர், தேன், எனக்குத் தெரிந்த கிரீம் எல்லாம் போட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியைக் கொடுத்தேன். எல்லை கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அவர் கோபப்படவில்லை. யோசனையாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்: "கேரட்டக் கழுவுற மிஷின்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு வருதுங்களே, அதுல தலைய விட முடியாதுங்களா?"

மஃப்ளர்

மலையில் மஃப்ளர் சுற்றியவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எமரால்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த தேன்மொழிக்கு அது எட்டு வருஷம் உதவியிருந்தது. இருபத்திநாலு வயது, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மஃப்ளரை அவிழ்த்தாள். என்னிடம் வருவதற்காக நான்கு நாள் மழிக்காமல் விட்டதில் தாடையெல்லாம் கருகருவென்று தாடி. அதுவரை, அண்ணன் எழுவதற்கு முன்பே எழுந்து, அவனுடைய ரேசரால் தினமும் மழித்து, அதைக் கழுவி அதே இடத்தில் வைத்துவிடுவாளாம். தோல் முழுக்கக் கீறலும் கொப்புளமுமாக இருந்தது. டாக்டரைப் பார்க்கும்படி சொன்னேன். பார்த்துவிட்டாள், உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்றின் கோளாறு, மாத்திரை சாப்பிடுகிறாள், மெதுவாகத்தான் குறையுமாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். கல்யாணம் முடியும்வரை மூச்சு விடாதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

நூலால் ஒவ்வொரு முடியாக எடுத்தேன், இரண்டு மணி நேரம். அவள் ஒரு தடவைகூட 'ஸ்' என்று சொல்லவில்லை. நான்தான் நடுநடுவே நூலை நிறுத்தி, 'வலிக்குதா?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கண்ணாடியை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நான் வர்ற மாப்பிள்ளகிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள். "ஏன்டி, இப்பத்தான் ஒண்ணுமே தெரியலியே?" என்றேன். "யாருக்கும் தெரியாம எத்தன நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கறது?" என்றாள். திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மஃப்ளர் இல்லாமல். பையனோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேசக் கேட்டாளாம். "எனக்குத் தாடி வளரும், வாரா வாரம் எடுக்கணும், வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாளாம். மிளகு மண்டியில் வேலை பார்க்கும் அந்தப் பையன் தன் தாடையைத் தடவிக்கொண்டே சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள்: "வாரம் ஒருக்கத்தானுங்களா? நான் தெனமும் எடுக்கறேன், எங்கிட்ட யாரும் ஏன்னு கேட்டதே இல்ல."

எல்லாருக்கும்

கீழே நின்று போர்டைப் படித்துவிட்டு ஒருவர் குரல் கொடுத்தார். "அனைவருக்கும்னு போட்டிருக்கே, மெய்தானா?" எட்டிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது. "மேலே வாங்க" என்று சொல்லிவிட்டேன், ஆனால் அவர் ஏறிவருவதற்குள் என் மனம் ஆயிரம் யோசித்துவிட்டது. அவர் பெயர் செல்லையா. சிலோன் தோட்டத்தில் பிறந்து, இங்கே திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி தேயிலையிலேயே உழைத்தவர். முப்பது வயதில் தொழுநோய் வந்தது, மருந்து சாப்பிட்டுச் சுத்தமாகக் குணமாகிவிட்டது. போன உணர்ச்சி மட்டும் பாதத்துக்குத் திரும்பவில்லை. காலைத் தினமும் ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விரல் இல்லாததால் குதிகாலைத் தேய்க்க வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்க அவருக்குக் கூச்சம். எனக்கும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: எந்த வாடிக்கையாளருக்கும் கையுறை போடாத நான், அன்று அலமாரி முழுக்கத் தேடி ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். குணமானவரிடமிருந்து ஒட்டாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டினேன். அவர் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

வெந்நீர்ச் சட்டியில் காலை வைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவந்தது. பதறிப்போய்ப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். செருப்பில் அடித்த ஆணி, செருப்பை விட்டுக் குதிகாலுக்குள் இறங்கியிருந்தது. எத்தனை நாளாகவோ. அதோடு நடந்துதான் பஸ் ஏறி, என் படிகளையும் ஏறி வந்திருக்கிறார். ஆணியின் தலை எங்கே என்று தடவிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், கையுறையை எப்போதோ கழற்றி எறிந்திருந்தேன். நானே ஆட்டோ வைத்து அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கால் தங்கியது. புண் ஆறிய பிறகு எந்தக் கிழமை வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒரு தடவை வருவார், நான் வெறுங்கையால் தேய்ப்பேன். ஒருநாள் அவர் கால் ஊறிக்கொண்டிருக்கும்போது, திரைக்கு அந்தப் பக்கம் என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பெண் ஒரு காலேஜ் மாணவிக்கு மெழுகு போட்டாள். மாணவி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறினாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல நான் எழுந்தேன். செல்லையா கை காட்டி என்னை உட்கார வைத்தார். "கத்தட்டும் விடும்மா. வலிக்குதுன்னா கால் இன்னும் அந்தப் புள்ளகூடத்தான் இருக்குன்னு அர்த்தம்."

இத்தனை பேரையும் படுக்க வைத்துப் பட்டை பட்டையாக இழுத்த நான், அழகுக்கலை படிக்கிற காலத்தில் முன்கையில் போட்டுப் பார்த்த அந்த ஒரு பட்டைக்குப் பிறகு இன்றுவரை எனக்கு மெழுகு போட்டுக்கொள்ளத் துணிந்ததில்லை என்பதை அவர்கள் யாரிடமும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.