அழகேசன் பொறுக்கிய அளவு

மலேசியாவில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் குடும்பத்தில் பிறந்த அம்சவள்ளிக்குக் கணீரென்ற குரல். அந்தக் குரலைத் தவிர அவளிடமிருந்த மற்ற எல்லாவற்றையும் குறை சொல்ல அவளுக்கு ஒரு கணவன் வாய்த்திருந்தான். அழகேசன், தோட்டத்துத் திருவிழாக்களில் பாடும் இசைக்குழுவின் தலைவன். ஆர்மோனியத்தில் அவன் விரல் நாலு கட்டைக்கு மேல் ஓடாது. மேடையேறும் பெண் எப்படி இருக்கவேண்டும் என்பதில் மட்டும் பெரிய மேதை.

"குரல் யாருக்குலா வேணும்? முன்வரிசைக்காரனெல்லாம் கண்ணாலதான் பாட்டு கேக்கறான்" என்பான்.

எண்பத்து நாலாம் வருஷம், மார்பைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, மூன்று மாதம் நச்சரித்தான். கடைசியில் அம்சவள்ளியே கண்ணாடி முன் நின்று, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பிவிட்டாள். பிற்பாடு அவள் தன்னையே மன்னிக்காதது இந்த ஒன்றுக்காகத்தான்.

கோலாலம்பூரில் மருத்துவர் அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"இடுப்புல ஏற்கெனவே வரி இருக்கு. இந்தத் தோலு அவ்வளவா இழுத்துக் குடுக்காது. பெரிய அளவு வெச்சா மார்லயும் வரி விழலாம். விழுந்தா நெறந்தான் மங்கும், அழியாது. சின்னதுன்னா ஆபத்து கொறவு."

மேசைமேல் மாதிரிக்காக மூன்று சிலிக்கான் பைகள் இருந்தன. சந்தையில் டுரியான் பழம் பொறுக்குகிறவனைப் போல அழகேசன் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தான். "இந்தப் பெருசையே வைங்க டாக்டர்."

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார் மருத்துவர் அவளிடம்.

"அவளுக்கும் அதான்" என்றான் அவன்.

அறுவை முடிந்த ஐந்தே மாதத்தில் இரண்டு மார்பிலும் செக்கச்செவேலென்று வரிகள் கிளம்பின. கிள்ளானிலிருந்து எண்ணெயும் களிம்புமாக வாங்கிவந்து தடவச் சொன்னான். எதற்கும் அவை மறையவில்லை. கோலசிலாங்கூரில் ஒரு திருவிழா மேடைக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"முந்தானைய நல்லா இழுத்து மூடிக்கிட்டுப் பாடு. பார்க்க சகிக்கல."

அம்சவள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய் வடியும் தலை, வாடகைக் கோட்டு, அதற்குள் ஒரு ரசிகர்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க பொறுக்கினதுதானே? இப்ப கசக்குதா?"

அன்றைக்கு ஒத்துக்கொண்ட பாட்டுகளைப் பாடி முடித்தாள். மறுவாரம் தனியாகவே மருத்துவரிடம் போய்ப் பைகளை எடுத்துவிடச் சொன்னாள். தோல் கொஞ்சம் தளர்ந்தது. வரிகள் அப்படியே இருந்தன. புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

உடை மாற்றும் அறையில் ஒருநாள், கூட வேலை செய்யும் கலாவதி வரிகளைப் பார்த்துவிட்டாள்.

"புள்ள பெத்ததுலயா அக்கா?"

"இல்ல. ஒரு மடையன் பேச்சக் கேட்டதுல."

இரண்டு வருஷம் கழித்து அழகேசன் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றான். குழுவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

"வரியெல்லாம் மங்கியிருக்குமே? பரவால்ல, வந்து பாடு" என்றான், பெரிய மனது பண்ணுகிறவனாக.

"மங்கிடுச்சு. உங்க புத்திதான் இன்னும் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பேருந்தைப் பிடிக்க நடந்தாள். அந்த வாரக் கடைசியில் கலாவதியின் தங்கை கல்யாணத்தில் பாட ஒத்துக்கொண்டிருந்தாள். என்ன பாடுவது என்பதுதான் அப்போது அவள் யோசனை.