அக்காவின் கட்டுரையை நான் எழுதிய கதை

பெரியப்பா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவள் ஒன்பதாவது, நான் எட்டாவது. அவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத, கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்று வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நானே நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

அரையாண்டில் ஒரு பாடத்தில் பெயிலானாலும் வெளியூரில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் சேர்த்துவிடுவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். அக்காவுக்கோ எங்களோடு படிக்கத்தான் ஆசை. எனக்கும் அவளை விட மனமில்லை.

தமிழில் ‘நான் கண்ட சந்தை’ என்று கட்டுரை. தலைப்பு வைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு அக்காவைத் தெரியாது. தோட்டத்து மல்லிகையை விற்கப் பெரியப்பாவோடு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போனதை அவள் சொன்னாள். ஈரச் சாக்கின் வாடை, காலடியில் வழுக்கிய இதழ்கள், மல்லிகை விலை இறங்க இறங்க பெரியப்பா அவள் கையை இறுக்கிப் பிடித்தது. இதற்கெல்லாம் யார் மார்க் போடுவார்கள்? நோட்ஸில் மனப்பாடம் செய்திருந்த கட்டுரையை எழுதிவிட்டேன். அதில் மலர்கள் வண்ண வண்ணமாகக் கண்ணைப் பறித்தன.

விடைத்தாள் கொடுத்த அன்று தமிழ் டீச்சர் என்னையும் அந்த வகுப்புக்கு அழைத்தார். பாராட்டு கிடைக்கும் என்று தலையை வாரிக்கொண்டு போனேன். கட்டுரையை உரக்கப் படித்துவிட்டு, "கண்ணு தெரியாத புள்ள எம்புட்டு அழகாச் சொல்லிருக்கு பாருங்க" என்றார். பத்துக்கு எட்டு. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். "டீச்சர், அது நான் சொன்னது இல்ல."

"பெறகு நீ என்னதான் சொன்ன?"

சொன்னாள். டீச்சர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, எட்டை அடித்து, அவள் வாயால் சொன்னதற்கு ஐந்து போட்டார். மொத்தம் சரியாக முப்பத்தைந்து. இன்னும் ஒன்று குறைந்திருந்தால் அவள் விடுதிக்குத்தான் போயிருப்பாள்.

"ஒனக்காகத்தானக்கா எழுதுனேன். பெயிலாயிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று வழியில் சண்டை பிடித்தேன்.

"பெயிலானாலும் நான்தானடி ஆயிருப்பேன்" என்றாள்.

அடுத்த பரீட்சைக்கும் என்னையே கேட்டு வாங்கினாள். ஆனால் ஒவ்வொரு வரியையும் எழுதியதும் வாசித்துக் காட்டச் சொன்னாள். இவ்வளவு உதவி செய்தவளைத் திருடியைப் போல நடத்துகிறாளே என்று அன்று வீட்டில் அழுது தீர்த்தேன். அவளிடமிருந்து நான் எதை எடுத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.