எட்டு நிமிடம், பன்னிரண்டு நரம்பு

காஜாக்காவுக்கு உலகம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. நேரத்தில் சந்தேகமே இல்லை. சட்டை தைக்கும் கூடத்தில் இடது பக்கச் சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கும். டீ நேரம் ஆயிற்றா என்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் பத்தேகால் என்றன.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இரண்டுதான். வலது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ஒரே ஜன்னல். முன்னால் இருந்த மெஷினைப் பார்த்தாள். ஒரே மெஷின். இடது பக்கம் போனால் மட்டும் எல்லாம் இரட்டைக் குழந்தைகள்.

காஜா என்றால் சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டை. ஒரு நாளைக்கு நானூறு சட்டைகளுக்கு அந்த ஓட்டையைப் போடுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவள் மெஷினில் ஊசி ஓடி முடிந்ததும் சின்னக் கத்தி ஒன்று டக்கென்று இறங்கித் துணியைக் கிழிக்கும். துணி எங்கே, விரல் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று சட்டைகளில் காஜா கோணிப்போயிற்று. இருபத்தொரு வருடத்தில் அவள் கோணல் காஜா போட்டதில்லை. அடுத்தது விரலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள்.

"அப்ப என்னையும் ரெண்டாப் பாக்கிறியா?" என்றார் அவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமலே.

"இடது பக்கம் உக்காந்தா ரெண்டு. ஒண்ணையே என்னால சமாளிக்க முடியல, எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

அவர் எழுந்து வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

ஆஸ்பத்திரி அவளுக்குப் புதிய இடம் இல்லை. சிக்கலே அதுதான்.

இருபத்தாறு வயதில் காதில் சீழ் வைத்து, அது உள்ளே பரவி, முகத்தின் இடது பாதிக்குப் போகும் நரம்பைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து இடது புருவம் ஏறாது, இடது கண் முழுதாய் மூடாது, வாய் சிரிக்கும்போது வலது பக்கம் மட்டும் போகும். முதல் இரண்டு வருடம் அழுதாள். மூன்றாம் வருடம், "பாதிச் சிரிப்புதான் வருது, முழுசா வேணும்னா ரெண்டு தடவ சிரிக்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

பிறகு மருத்துவக் கல்லூரி அவளைக் கண்டுபிடித்தது. டாக்டர் ஆகப்போகும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்க நிஜ நோயாளிகள் தேவை. இன்றைக்கு இருந்து நாளைக்குப் போய்விடும் நோய் அதற்கு உதவாது. அப்படியே நின்றுவிட்ட நோய் வேண்டும். அவள் முகம் அசைக்க முடியாத அத்தாட்சி. வருடம் இரண்டு முறை, பன்னிரண்டு வருடமாக, தேர்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வந்தாள். தலைக்குள்ளிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளையும் சோதிக்கும் வரிசை அவளுக்கு மனப்பாடம். முதலாவது மணம். இரண்டாவது பார்வை. மூன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றும் சேர்ந்து கண்ணை உருட்டும். ஐந்தாவது கன்னத்தில் பஞ்சு பட்டால் சொல்லும், பல்லைக் கடிக்கும். ஏழாவது முகம், அவளுடையது. எட்டாவது காது. ஒன்பதும் பத்தும் தொண்டை, 'ஆ' சொல்ல வேண்டும். பதினொன்று தோளைக் குலுக்கும். பன்னிரண்டு நாக்கை நீட்டும். கூடத்தில் நூல்கண்டுகளை எண்ணும்போதுகூட இந்த வரிசையில்தான் எண்ணுவாள்.

இவ்வளவும் தெரிந்தவள் சொன்னால் எடுபடாதா? எடுபடவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அம்மா, நீங்களா! உங்களப் பாத்துதானே நான் பாஸானேன்."

"ரெண்டாத் தெரியுதுங்க டாக்டர்."

"கண்ணு மூடாதில்ல, காஞ்சிருக்கும். சொட்டு மருந்து எழுதித் தர்றேன்."

பத்து நாள் ஊற்றினாள். மறுபடி போனாள். இந்த முறை வேறு டாக்டர். ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் 'இடது ஏழாவது நரம்பு, பழையது' என்றிருந்தது. அவள் விடாமல் வாதாடியதால் விரலை நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவள் பின்தொடர்ந்தாள். "நல்லாத்தானே போகுது?" என்றார். வரிசையில் எண்பது பேர் நின்றார்கள். அதே சொட்டு மருந்து.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். புருஷன் கேட்டார்: "வேற ஆஸ்பத்திரி பாப்பமா?"

"இதே ஃபைலத்தான் அங்கேயும் கேப்பாங்க. அடுத்த வாரம் எக்ஸாம் இருக்குங்க. அங்க எட்டு நிமிஷம். பன்னெண்டு நரம்பையும் பாத்தாத்தான் மார்க்கு. ஒருத்தராவது பாத்துத்தானே ஆகணும்?"

"நீயே சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லக் கூடாது. கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும். சொன்னா அந்தப் புள்ளைக்கு மார்க்கு போயிடும், நம்மள அடுத்து கூப்பிடவும் மாட்டாங்க."

தேர்வு நாள். திரை போட்ட எட்டுத் தடுப்புகள். அவளுடையது நான்காவது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், பழைய ஃபைலைப் பார்த்து எழுதிய விடைத்தாளுடன் மூலையில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் ஒரு மாணவர், எட்டு நிமிடத்தில் மணி அடித்ததும் அடுத்தவர். தேர்வுக்குப் பொறுப்பான சிஸ்டர் திரையை விலக்கி எச்சரித்தாள்: "அக்கா, வழக்கம்போல. வாயத் திறக்காதீங்க."

"நாக்கு நீட்டச் சொன்னா திறக்கலாமில்ல?"

"அதுக்கு மட்டும்."

முதல் மாணவன் உள்ளே வந்ததும் அவள் வாயைப் பார்த்தான். அவன் கண்ணில் பளிச்சென்று ஒரு நிம்மதி. யாரோ சீனியர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: நான்காவது தடுப்பு, ஏழாவது நரம்பு. நேரே புருவத்துக்குப் போனான். கண்ணை மூடச் சொன்னான், கன்னத்தை உப்பச் சொன்னான். மற்றவற்றை அரை நிமிடத்தில் வாயாலேயே ஓட்டினான். "மற்ற நரம்புகள் நார்மல் சார்." பேராசிரியர் தலையாட்டினார்.

இரண்டாவது மாணவன் விரலைக் காட்டினான். விரல் இடது பக்கம் போயிற்று. காஜாக்காவும் கூடவே போனாள். "நார்மல்" என்றான் அவன். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடது பக்கம் எல்லாம் இரண்டிரண்டு, இவனுக்கு எப்படி நார்மல்?

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள், போன இரண்டு தேர்வுகளிலும் காஜாக்கா பார்த்த முகம். அவள் வாயைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சோப்புத்துண்டு ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாள். முதலாவது நரம்பிலிருந்தே ஆரம்பிக்கிறாள்! காஜாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பார்வை முடிந்தது. விரல் எழுந்தது. இடது பக்கம் நகர்ந்தது. காஜாக்கா பின்தொடர்ந்தாள்.

"அம்மா, தலைய ஆட்டாதீங்க. கண்ண மட்டும்."

காஜாக்கா திகைத்தாள். ஆட்டுகிறேனா? மறுபடி விரல் நகர்ந்தது. மறுபடி அவள் கழுத்து தானாகத் திரும்பியது. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை நாளாக, இரண்டாய்த் தெரியாமல் இருக்க, கண்ணுக்குப் பதில் கழுத்து வேலை செய்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வருடம் விரலைப் பின்தொடர்ந்து பழகியவள், ஒவ்வொரு டாக்டரிடமும் அதைத் தானே ஒளித்து வைத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது?

அந்தப் பெண் இடது கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்கம்மா." விரல் நகர்ந்தது. வலது கண் மூக்குப் பக்கம் போயிற்று. இடது கண் பாதி வழியில் நின்றுவிட்டது.

அந்தப் பெண் நின்றாள். இன்னொரு முறை செய்தாள். அதன் பிறகு மற்ற நரம்புகளையும் முடித்துவிட்டுப் பேராசிரியரிடம் திரும்பினாள்.

"இடது ஏழாவது நரம்பு பழுது, சார். கூடவே இடது ஆறாவதும். கண்ணு வெளிப்பக்கம் போகல."

பேராசிரியர் தாளைப் பார்த்தார். "ஆறாவதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் இருக்கு."

அந்தக் குரலில் விடை இருந்தது: தாளில் ஏழாவது மட்டும்தான். அந்தப் பெண் காஜாக்காவின் கண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "சார்... ஒருவேள நான் சரியாப் பாக்கலையோ..."

"அவங்க சரியாத்தான் பாத்தாங்க" என்றாள் காஜாக்கா.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம். சிஸ்டரின் தலை உள்ளே நுழைந்தது. "அக்கா!"

"அம்மா, நீங்க பேசக் கூடாது" என்றார் பேராசிரியர்.

"இருவது நாளாப் பேசிட்டுத்தான் இருக்கேன் சார், ஃபைலுதான் எனக்கு முன்னாடி பதில் சொல்லிடுது. எனக்கு ரெண்டாத் தெரியுது. நான் கத்தி இறங்குற மெஷின்ல உக்காந்து பொழைக்கிறவ. அந்தத் தாள வச்சுட்டு நீங்களே வந்து பாருங்க. இல்லேன்னு சொன்னீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுறேன், இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மணி அடித்தது. யாரும் அசையவில்லை. பேராசிரியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். தாடையைப் பிடித்தார். விரலை நகர்த்தினார். ஒரு கண்ணை மூடிக் கேட்டார், மற்றதை மூடிக் கேட்டார். வெளிச்சம் அடித்துக் கண்ணின் பின்பக்கம்வரை பார்த்தார். பிறகு விடைத்தாளில் ஒரு வரியை அடித்து, மேலே எழுதினார்.

"ஆறாவது நரம்பு மண்டைக்குள்ள ரொம்ப தூரம் போற நரம்பும்மா" என்றார். "வழியில எங்க அழுத்தினாலும் அதுதான் மொதல்ல கையத் தூக்கும். உள்ள என்னன்னு பாக்கணும். நாளைக்கு ஸ்கேனுக்குச் சொல்றேன்."

"நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. ஃபைலத் திறக்கிறவரு ஏழுன்னு சொல்லி மூடிடுவாரு. இன்னைக்கே எழுதுங்க சார். மொதப் பக்கத்துலயே."

அவர் எழுதினார். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு மார்க்கு?" என்றாள்.

"அத நீங்க கேக்கக் கூடாதும்மா" என்றார் அவர். ஆனால் சிரித்தார்.

மீதி ஐந்து மாணவர்களுக்கும் அவள் உட்கார்ந்து கொடுத்தாள். யாரும் ஊகித்துவிடாதபடி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். பாதி ஏற்கெனவே கல்தான். சாயங்காலம் ஸ்கேன். மூளைத்தண்டுக்கு முன்னால் நரம்பின் பாதையில் ஒரு கட்டி. புற்று அல்ல, ஆனால் வளர்கிற ரகம். இன்னும் நான்கு மாதம் விட்டிருந்தால் விழுங்குவதும் சிரமமாகியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். ஒன்பதாம் நாள் எடுத்தார்கள்.

"கண்ணு திரும்பி வர மாசக்கணக்காகும். வராமலும் போகலாம்" என்றார் அவர்.

"நீங்க உங்க வேலையப் பாத்துட்டீங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் மாவு நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பட்டன் தைத்தாள். காஜா மெஷினைத் தொடவில்லை. விரல்மேல் அவளுக்கு ஆசை உண்டு. ஐந்தாம் மாதம் ஒட்டுத்தாளை உரித்தாள். ஆறாம் மாதம் பழைய மெஷினில் உட்கார்ந்து முதல் நாளே முந்நூற்றெண்பது சட்டை முடித்தாள். மீதி இருபதுக்கு மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அடுத்த தேர்வுக்குக் கல்லூரியிலிருந்து சிஸ்டர் ஃபோன் செய்தாள்.

"வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள் காஜாக்கா. "பழைய ஃபைலப் பாத்து விடை எழுதக் கூடாது. அன்னைக்குக் காலையில பரீட்சை வைக்கிறவரே மொதல்ல என்னைப் பாக்கணும். பன்னெண்டும். எல்லா கேஸுக்கும் அப்படித்தான்."

"அக்கா, அது பெரியவங்க முடிவு பண்ற விஷயம்."

"பண்ணச் சொல்லு. நான் ஃபோன வைக்கல, காத்திருக்கேன்."

இரண்டு நாள் கழித்துச் சம்மதம் வந்தது. தேர்வு நாள் காலை எட்டு மணிக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். வயதானவர், அவசரக்காரர். நாற்காலியில் உட்காரும்போதே டார்ச்சை எடுத்து அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"மூக்கு, சார்" என்றாள் காஜாக்கா. "ஒண்ணாவதுல இருந்து."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டுச் சோப்பு தேடப் போனார்.